எங்கள் வீட்டு போன்களில் முதலிடம்

எங்கள் கடை உலகத்திலேயே முதலாவதாக வந்த அன்று பெரியவன் தெரு முழுக்க இனிப்பு கொடுத்தான். தெரு முழுக்க என்றால், அந்த வேளையில் தெருவில் தென்பட்ட இரண்டு ஜீவன்களுக்கு. ஒன்று தண்ணீர் லாரி டிரைவர், இன்னொன்று எதிர்வீட்டு நாய். நாய் மோந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. எங்கள் குடும்பத்தில் அன்றைக்குப் புத்தியோடு நடந்துகொண்டது அது ஒன்றுதான். அதுவும் எங்கள் குடும்பம் இல்லை.

பெரியவன் என் அண்ணனுடைய மூத்த மகன். குரல் பெரிசு. சாப்பிடும்போது 'உப்பு' என்று கேட்டானானால் அடுத்த தெருவில் யாராவது எடுத்து நீட்டுவார்கள். இளையவன் சின்னவன், பஸ் டிப்போவில் மெக்கானிக். அவனுக்கும் குரல் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சின்னவன் பெண்டாட்டிதான் கடைக்காரி. நான் அவளை 'முதலாளி' என்று கூப்பிடுவேன். அவள் என்னைச் 'சின்ன மாமா' என்பாள். நான் மாடியறையில் இருக்கும் ஒண்டிக்கட்டை. வானிலை இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். 'ஓரிரு இடங்களில் மழை பெய்யலாம்' என்று எழுதியே வயிறு வளர்த்தவன். பெய்தாலும் சரி, பெய்யாவிட்டாலும் சரி, யாரும் என் சட்டையைப் பிடிக்க முடியாது. அந்த 'ஓரிரு இடம்' எங்கே இருக்கிறது என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

முதலாளியின் கடை சோபா ரிப்பேர் கடை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஃபர்னிச்சர் தொழிற்சாலையில் வேலை கற்றவள். பஞ்சு பிதுங்கி, ஸ்பிரிங் துருத்திக்கொண்டு, உட்கார்ந்தவனைக் கடித்துவைக்கும் சோபாவை அவளிடம் கொடுத்தால், பழைய துணியை உரித்து, ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டி, புது ஸ்பாஞ்ச் வைத்து, ரெக்சின் தைத்துத் திருப்பித் தருவாள். உட்கார்ந்தவன் எழுந்திருக்க மாட்டான். ஒரு வீட்டில் கடன் கேட்க வந்தவன் அவள் தைத்த சோபாவில் உட்கார்ந்து, வந்த காரியத்தையே மறந்து தூங்கிப்போனதாகப் பேச்சு. பேச்சைக் கிளப்பியவன் நான்தான், ஆனாலும் பேச்சு பேச்சுதான். வேலை செய்யும்போது சின்னச் சின்ன ஆணிகளை உதட்டில் கடித்துக்கொண்டிருப்பாள். அதனால் அவளோடு பேசுகிறவர்களுக்கு எப்போதும் பதில் தாமதமாகத்தான் வரும்.

கடை வீட்டின் தரைத்தள முன்னறையில் இருந்தது. அறை பெரியவன் பாகம். மாடி சின்னவன் பாகம். படிக்கட்டோ ஒரு ஒல்லி ஆள் பக்கவாட்டில் நடந்தால் ஏறலாம் என்கிற அளவு. அதில் சோபா ஏறாது. ஆகவே அந்த அறை இருந்தால் கடை உண்டு, இல்லாவிட்டால் கடை இல்லை. இது முதலாளிக்குத் தெரியும். பெரியவனுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

மேம்பாலம் கட்டுகிற வரைக்கும் பிரச்சினை இல்லை. அதற்கு முன்னால் எங்கள் தெருவில் ஊரே நடக்கும். பாலம் வந்தது, ஊர் எங்கள் தலைக்கு மேலே பறந்து போக ஆரம்பித்தது. அப்புறம் கீழே வருகிறவர்கள் இரண்டே வகை: வழி தவறியவர்கள், சிறுநீர் கழிக்க ஒதுங்குகிறவர்கள். இரண்டு பேர் கையிலும் சோபா இருப்பதில்லை.

"வருஷக் கடைசி வரைக்கும் பாப்போம். ஆள் வந்தா கடை, வரலைன்னா ரூம் எனக்கு வேணும்," என்றான் பெரியவன்.

"வெப்சைட் ஒண்ணு இருக்குல்ல அத்தான், அதைச் சரி பண்ணினா வருவாங்க," என்றாள் முதலாளி. அவளே போனில் படம் பிடித்து ஒரு வெப்சைட் வைத்திருந்தாள். கிழிந்த சோபா ஒரு பக்கம், தைத்த சோபா ஒரு பக்கம், மேலே போன் நம்பர். அவ்வளவுதான்.

"அதுக்கென்ன, நம்ம மாப்பிள்ளை இருக்கும்போது வெளியாள் எதுக்கு?" என்றான் பெரியவன்.

மாப்பிள்ளை என்பவர் பெரியவனின் மகளைக் கட்டியவர். கடைகளை நெட்டில் முதலிடத்துக்குக் கொண்டுவருவது அவர் தொழில். அவர் வந்தால் வீட்டில் மின்விசிறி வேகமாகச் சுற்றும். அவர் இருமினால் மூன்று பேர் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி, வாசற்படியில் முட்டிக்கொள்வார்கள். அவர் மடிக்கணினியைத் திறந்து வெப்சைட்டைப் பார்த்தார். முகம், சாக்கடையைத் தாண்டுகிறவர் முகம் மாதிரி ஆனது.

"என்ன அத்தை இது, கிழிஞ்ச சோபாவா போட்டு வச்சிருக்கீங்க? பாக்கறவனுக்கு மரியாதை வருமா?"

ஆணிகளைத் துப்பிவிட்டு முதலாளி சொன்னாள்: "கிழிஞ்ச சோபா வச்சிருக்கறவங்கதானே மாப்பிள்ளை என்னைத் தேடுவாங்க?"

"அதெல்லாம் பழைய காலம் அத்தை."

படங்களை எடுத்துவிட்டார். அதற்குப் பதிலாக ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் வெள்ளை சோபாவில் உட்கார்ந்து சிரிக்கிற படம் வந்தது. அதன் கீழே 'சிறந்த சோபா, மலிவான சோபா, உங்கள் அருகில் சோபா, சோபா என்றால் சோபா' என்று ஒரு சோபா மந்திரம். போன் நம்பர், அடியில் தேடிப்பிடிக்க வேண்டிய ஒரு மூலைக்குப் போய்விட்டது. அப்புறம் எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்து உபதேசம் செய்தார்.

"நம்ம ஆளுங்க எல்லாரும் தினமும் 'சோபா ரிப்பேர்'னு தேடணும். நம்ம கடை எங்க வருதோ அதைத் தொட்டு உள்ள போய்க் கொஞ்ச நேரம் இருக்கணும். தேடத் தேட மேல ஏறும்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பல் துலக்குவதற்கு முன்னால் சோபா தேடினோம். பெரியவன் கூடத்தில் நின்று "தேடியாச்சா?" என்று கத்துவான். "தேடியாச்சு!" என்று குளியலறையிலிருந்து ஒரு குரல் வரும். பெரியவன் மனைவிக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியாது. குத்துமதிப்பாக எதையோ தொட்டு, ஒரு தடவை டிராக்டர் வாங்கப் பார்த்தாள். நானும் தேடினேன். ஓய்வு பெற்றவனுக்கு அதைவிட என்ன வேலை?

கடை ஏறியது. சும்மா சொல்லக்கூடாது, கிடுகிடுவென்று ஏறியது. இன்றைக்கு அடியில் இருக்கும், நாளைக்கு நடுவில் வரும், ஒரு நாள் காலையில் எல்லார் போனிலும் உச்சாணிக் கொம்பில் உட்கார்ந்திருந்தது. அன்றைக்குத்தான் அந்த இனிப்பு, அந்த நாய். மாப்பிள்ளைக்குப் பெரியவன் சட்டைத்துணி எடுத்துக் கொடுத்தான். முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டு, "சின்ன மாமா, கடை தப்பிச்சிருச்சு," என்றாள். அப்போது அவள் வாயில் ஒரு ஆணிகூட இல்லை.

அப்புறம் காத்திருந்தோம். போன் அடிக்கவில்லை.

முதலில் போனில் கோளாறு என்று நினைத்தோம். நான் மாடியிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். அடித்தது. முதலாளி பாய்ந்து எடுத்து, "சோபா கடைங்க, சொல்லுங்க!" என்று மூச்சு வாங்கினாள். நான் என்று தெரிந்ததும் குரல் இறங்கியதே, அதற்கப்புறம் அந்த விளையாட்டை நான் விளையாடவில்லை.

வாரங்கள் போகப் போக வீட்டில் காற்று மாறியது. கூடத்தில் பேச்சு தொடங்கியது. முதலாளி காதில் விழுகிற மாதிரி, ஆனால் அவளிடம் சொல்லாத மாதிரி. இந்த வித்தை எல்லாக் குடும்பத்துக்கும் தெரியும்.

"மாப்பிள்ளை அவர் வேலையை முடிச்சுட்டார். முதலிடம்! இதுக்கு மேல மனுஷன் என்ன பண்ணுவார்?" என்பான் பெரியவன்.

"கைராசின்னு ஒண்ணு இருக்குல்ல," என்பாள் அவன் மனைவி.

"முன்னாடி தைச்சது ஏதாவது பிரிஞ்சிருக்கும். போனவன் நாலு பேர்கிட்ட சொல்லியிருப்பான். இல்லைன்னா முதல் கடையை விட்டுட்டு எவனாவது ரெண்டாவது கடைக்குப் போவானா?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை. கடை கடைசியில் இருந்தவரை குற்றம் பாலத்தின் மேல் இருந்தது. முதலுக்கு வந்ததும் அது இறங்கி வந்து அவள் மேல் உட்கார்ந்துகொண்டது. சோபாவில் உட்கார்கிற மாதிரி, வசதியாக.

சின்னவன் அப்போதெல்லாம் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவான். அவ்வளவு கவனமாகச் சோற்றைப் பார்க்கிறவனை நான் கண்டதில்லை.

ஒரு நாள் மத்தியானம் கீழே இறங்கினேன். முதலாளி, வீட்டிலிருந்த எங்கள் சொந்தச் சோபாவைக் கவிழ்த்துப்போட்டுத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் அவளே தைத்தது. யானை ஏறினாலும் அசையாத தையல்.

"எதுக்கும்மா நல்ல தையலைப் பிரிக்கிறே?"

ஆணிகள் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் இறங்கின. "எங்க தப்புன்னு பாக்கறேன் மாமா. என் கை எங்கயோ கெட்டுப்போச்சு. எனக்குத் தெரியல."

எனக்குச் சிரிக்கத் தோன்றாத தருணங்கள் கொஞ்சம். அது ஒன்று.

அடுத்த வாரம் கண் பரிசோதனைக்காக ஊரின் அந்தக் கோடிக்குப் போனேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கூடம் நிறைய எங்களைக் குருடர்களைப் போல உட்காரவைத்திருந்தார்கள். பொழுது போகவில்லை. பக்கத்தில் ஒரு பெண், தன் அப்பாவுக்குத் துணையாக வந்தவள், போனைத் தடவிக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமை பீறிட்டது.

"அம்மாடி, அதுல 'சோபா ரிப்பேர்'னு போட்டுப் பாரேன். முதல்ல வருதே, அது எங்க கடை!"

அவள் போட்டாள். "எந்தக் கடை தாத்தா?"

நான் பெயரைச் சொன்னேன். அவள் விரலால் தள்ளினாள், தள்ளினாள், தள்ளிக்கொண்டே இருந்தாள். கிணற்றில் வாளி இறக்குகிற மாதிரி. "இல்லையே தாத்தா."

முதலில் பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கடை வந்தது. அதன் வெப்சைட் முழுக்கக் கிழிந்த சோபாக்கள், மேலே கொட்டை எழுத்தில் போன் நம்பர். அதற்கு அடுத்து ஒன்று. மூன்றாவதாக வந்ததைப் படிக்கச் சொல்லிக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் கடைக்காரர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. நானே துக்கம் விசாரித்துவிட்டு வந்தேன். செத்த மனுஷன் எங்களுக்கு முன்னால் நிற்கிறார்!

"என் போன்ல முதல்ல வருதும்மா," என்று என் போனை நீட்டினேன்.

அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "தாத்தா, தினமும் இதையே தேடி இதையே தொடறீங்களா? வீடும் கடைக்குப் பக்கத்துலயா? அப்ப உங்க போன் உங்களுக்குப் பிடிச்சதைத்தான் முதல்ல காட்டும். மத்தவங்களுக்கு இல்லை."

அந்தக் கூடத்தில் கைக்கு எட்டிய போன்களை எல்லாம் கடன் வாங்கினேன். சொட்டு மருந்து விட்ட கண்ணோடு ஒரு கிழவன் 'சோபா, சோபா' என்று ஆள் ஆளாகத் தடவிக்கொண்டு வருவதைப் பார்த்து நர்ஸம்மா, என் மருந்தின் அளவைச் சரிபார்த்தாள். எந்தப் போனிலும் நாங்கள் இல்லை. மாப்பிள்ளை எங்கள் கடையை எங்கள் வீட்டுக்குள்ளேயே உலகப் புகழ் பெறவைத்திருந்தார். என் பழைய இலாகாவில் இருந்திருந்தால் அவருக்குப் பதவி உயர்வு கொடுத்திருப்பேன். ஓரிரு இடங்களில் முதலிடம்!

வீட்டுக்கு வந்து முதலாளியிடம் சொன்னேன். மாப்பிள்ளையை நாலு வார்த்தை திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பிரித்துப்போட்ட சோபாவின் மேல் அப்படியே உட்கார்ந்தாள்.

"அப்ப நான் மோசமாத் தைக்கல," என்றாள்.

"யாரு சொன்னா மோசம்னு?"

"எல்லாருந்தான் மாமா." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இன்னிக்கே சொல்லிடறேன். பழைய படங்களைத் திருப்பிப் போட்டு, நம்பரை மேல வச்சா, வருஷம் முடியறதுக்குள்ள நாலு பேராவது வருவாங்க."

அன்று சாயங்காலம் எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். மாப்பிள்ளையும் வந்திருந்தார், மின்விசிறி சூறாவளியாகச் சுற்றியது. முதலாளி கோபப்படவில்லை. மரியாதையாகத்தான் ஆரம்பித்தாள்.

"மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம வீட்டுப் போன்ல மட்டுந்தான் கடை முதல்ல வருது. வெளியாள் போன்ல வரவே இல்லை."

"யார் சொன்னது?" என்றான் பெரியவன்.

"நான்தான் பார்த்தேன்," என்றேன்.

"கண்ணுல மருந்து விட்டுக்கிட்டா, சித்தப்பா?"

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல பதில்தான், நானே சொல்லியிருப்பேன். அந்த நேரம் பார்த்து வாசலில் கூரியர்காரர் மணி அடித்தார். முதலாளி ஓடிப்போய் அவரைக் கையைப் பிடிக்காத குறையாக உள்ளே கூட்டிவந்தாள்.

"அண்ணே, உங்க போன்ல 'சோபா ரிப்பேர்'னு ஒரு தடவை தேடுங்கண்ணே."

அவர் மிரண்டுபோய், பார்சலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தேடினார். "பாலத்துக்கு அந்தாண்ட ஒரு கடை வருதும்மா. நல்லாத்தான் இருக்கு. நம்பர் குறிச்சுத் தரவா?"

"எங்க கடை வருதா பாருங்கண்ணே."

அவர் தள்ளிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். கையெழுத்து வாங்கிக்கொண்டு தப்பித்தோம் பிழைத்தோம் என்று போனார்.

மாப்பிள்ளை கழுத்தைத் தடவிக்கொண்டார். "அது... ஆளுக்கு ஆள் மாறும் அத்தை. ஒவ்வொரு போனாப் போய்ப் பார்த்துக்கிட்டு இருக்க முடியுமா?"

"எல்லாப் போனும் வேண்டாம் மாப்பிள்ளை. சோபா கிழிஞ்சவன் போன் ஒண்ணு போதும்."

பெரியவன் எழுந்தான். "கூரியர்காரன் போனை வச்சு என் மாப்பிள்ளையை எடை போடறியா? கட்டிக்கொடுத்த இடத்துல என் பொண்ணு எப்படித் தலைநிமிர்ந்து நிப்பா? கடைக்கு ஆள் வரலைன்னா வரலைன்னு ஒத்துக்கோ. அதுக்கு அவர் தலையை ஏன் உருட்டறே?"

"நான் தலையை உருட்டல அத்தான். படத்தை மாத்தணும்னு மட்டுந்தான்..."

"வீட்ல எல்லார் போன்லயும் முதல்ல வருது. இத்தனை பேரும் பொய்யா?"

முதலாளி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க. டிப்போல அத்தனை பேர் இருக்காங்க. நாளைக்கு ஒருத்தர் போன்ல பார்த்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா அத்தான் கேப்பாரு."

சின்னவன் தரையைப் பார்த்தான். தரையில் சோறுகூட இல்லை.

"பார்த்தேன்," என்றான்.

"என்ன பார்த்தீங்க?"

"டிப்போல. இனிப்பு கொடுத்தோமே, அந்த வாரமே. யார் போன்லயும் வரல."

ஆணி இல்லாத அவள் வாயில் அவ்வளவு நேரம் பதில் தங்கி நான் பார்த்ததில்லை.

"தெரிஞ்சுமா," என்றாள் கடைசியில், "நான் தையலைப் பிரிச்சுப் பிரிச்சுப் பார்க்கும்போது பக்கத்துல உக்காந்து டீ குடிச்சீங்க?"

"அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றது? மாப்பிள்ளை விஷயம்..."

பெரியவன் அதைக் கேட்கவே இல்லை. அதாவது, கேட்டான். கேட்காத மாதிரி மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "நீங்க காபி குடிங்க மாப்பிள்ளை," என்றான்.

முதலாளி வருஷக் கடைசி வரை காத்திருக்கவில்லை. மறுநாளே தையல் மிஷினையும், ஆணி டப்பாவையும், சுத்தியலையும் ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டாள். அந்தக் கடைக்காரம்மா அவள் தைத்துக் காட்டிய ஒரு கைப்பிடியைப் பார்த்து, இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று கேட்டார்களாம். இருந்த இடந்தான் யாருக்கும் தெரியவில்லையே! சாயங்காலம் வீட்டுக்கு வருவாள், சமைப்பாள், தூங்குவாள். சின்னவனிடம் பேச்சு, வேண்டிய அளவுக்கு. தண்ணீர் தீர்ந்துவிட்டது, கரண்ட் போய்விட்டது, அந்த மாதிரி. எங்கள் இலாகா அறிக்கையில்கூட இதைவிட ஈரம் இருக்கும்.

முன்னறைக்கு வெள்ளையடித்து மாப்பிள்ளையின் ஆபீஸ் ஆக்கினார்கள். 'உங்கள் கடையை முதலிடத்துக்குக் கொண்டுவருகிறோம்' என்று போர்டு. அவர் ஆபீசுக்கு ஆள் வந்ததா என்று கேட்காதீர்கள், நான் மாப்பிள்ளையின் மரியாதைக்குக் கட்டுப்பட்டவன். ஆனால் மாப்பிள்ளையும் வருகிறவர்களும் உட்கார ஒரு சோபா வேண்டுமே. பெரியவன் யாரிடமோ ஒரு பழைய சோபாவைப் பிடித்தான். பார்க்க ஜோர், உட்கார்ந்தால் பின்பக்கத்துக்கு ஆஸ்பத்திரி.

"வீட்டுலயே ஆள் இருக்கா, தைச்சுக் கொடுக்கச் சொல்லு," என்றான் தம்பியிடம்.

சின்னவன் கேட்டான். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "வீட்டுல நான் வேலை செய்யறதில்லை. கடைக்குக் கொண்டுவரச் சொல்லுங்க," என்றாள்.

பெரியவன் குதித்தான். பூமி அதிர்ந்தது, பாலத்தில் இரண்டு லாரி பிரேக் போட்டன. ஆனால் மாப்பிள்ளை நின்றுகொண்டே வேலை பார்க்கிறாரே! கடைசியில் அண்ணனும் தம்பியும் சோபாவை வண்டியில் ஏற்றினார்கள். இந்தக் காட்சியை விடுவேனா? நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

கடையில் எங்களுக்கு முன்னால் சோபாக்களோடு நாலைந்து பேர் நின்றார்கள். பெரியவன், வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு வரிசையில் கடைசியில் நின்றான். சோபாவின் ஒரு முனை அவன் கையில், இன்னொரு முனை சின்னவன் கையில். எங்கள் முறை வந்ததும் முதலாளி நிமிர்ந்தாள். ஆணிகளை நிதானமாக டப்பாவில் வைத்தாள். என்னைப் பார்த்து மட்டும் கண்ணால் சிரித்தாள். அப்புறம் சோபாவின் அடியில் கைவிட்டு ஸ்பிரிங்கைத் தட்டிப் பார்த்தாள்.

"மொத்தமாப் பிரிக்கணும் சார். ஒரு வாரம் ஆகும்," என்றாள் பெரியவனிடம், எல்லா வாடிக்கையாளரிடமும் பேசும் அதே குரலில்.

"சாரா? என்னம்மா இது..." என்றான் பெரியவன். குரல் இருந்த இடம் தெரியவில்லை.

அவள் ரசீதுப் புத்தகத்தை இழுத்தாள். பெரியவன் பெயரை எழுதினாள். பிறகு சோபாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, வேர்த்து, கண் கலங்கி நின்ற ஆளைப் பேனாவால் காட்டினாள்.

"இவரு உங்ககூட வந்தவரா?"

பெரியவன் வாயைத் திறந்தான். அதற்குள் சின்னவன் முந்திக்கொண்டு, "ஆமா," என்றான்.